இடது பக்க முன் டயர்

கொண்டப்பநாயக்கன்பட்டியில் மலைப்பாதை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது ஆண்ட்ரூசின் டயர் கடை. காலை ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்கி, கம்ப்ரஸரைத் தட்டிவிட்டு, டீ கிளாசோடு ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். அன்றைக்கும் உட்கார்ந்தார். ஒரு வாய் டீ உள்ளே போவதற்குள் குழந்தைவேலின் ஜீப் வந்து வாசலில் நின்றது. அதைப் பார்த்ததும் ஆண்ட்ரூஸ் கிளாசைக் கீழே வைத்துவிட்டு உள்ளே நழுவப் பார்த்தார்.

நழுவாமல் என்ன செய்வார்? முந்தின நாள் சாயங்காலம் செய்த காரியம் அப்படி. குழந்தைவேல் ராசிபுரத்துக்காரன், மலை ஊர்களுக்கு ஜீப் ஓட்டுகிறவன். "நாளைக்கு உங்க கோயில் ஆளுங்களத்தான் மலை மேல இருக்கற மாதா கெபித் திருவிழாவுக்கு ஏத்திட்டுப் போறேனுங்ணா. முன்னாடி டயரு ஒண்ணு மொழுக்குன்னு ஆயிப்போச்சு. நல்லதா ஒண்ணு போட்டுடுங்க" என்று வந்து நின்றான். அந்த அளவில் நல்ல டயர் கடையில் இல்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எதிர்க்கடைக்குப் போய்விடுவானே!

மூலையில் யாரோ கழற்றிப் போட்டுவிட்டுப் போன டியூப்லெஸ் டயர் ஒன்று கிடந்தது. அதன் பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. ஓடுகிற பக்கத்தில் ஆணி ஏறினால் அடைத்துவிடலாம்; பக்கவாட்டில் வெட்டு விழுந்த டயர் குப்பைக்குத்தான் போக வேண்டும். இருபது வருடமாக இதே தொழிலில் இருக்கிற மனிதருக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் உள்பக்கம் பழைய டயர்த் துண்டு ஒன்றை வெட்டு மேல் வைத்து, ஒரு டியூப்பையும் திணித்து, காற்றடித்து, வெளியே கறுப்புப் பாலிஷைத் தேய்த்து மாட்டிவிட்டார். 'எந்தக் கடையில நடக்கல' என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

"காத்து மட்டும் ஒருக்கா பாத்துடுங்ணா" என்றான், இப்போது வாசலில் வந்து நின்ற குழந்தைவேல். பார்த்தார். பார்த்துவிட்டு ஒதுங்கப் போனவரை ஜீப்புக்குள்ளிருந்து உபகாரசாமி பிடித்துக்கொண்டார். மேட்டூர் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிடித்தால் விட மாட்டார்.

"ஏப்பா ஆண்ட்ரூசு, வருசத்துல ஒரு நாள் மாதாவப் பாக்க வரக் கூடாதா? முன்னாடி சீட்டு காலியாத்தான கெடக்கு."

"கடை இருக்குங்க..."

"கடை எங்கயும் ஓடிடாது. ஏறு!"

"அட ஏறுங்ணா! டயரு போட்ட மனுசனே கூட வந்தா எனக்கும் தைரியமா இருக்குமில்லீங்க" என்று குழந்தைவேல் கதவையே திறந்துவிட்டான்.

வர மாட்டேன் என்பதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அதை வாயைத் திறந்து சொல்ல முடியாது. ஏறி உட்கார்ந்தார். அவர் காலுக்குக் கீழேதான் அந்த டயர்.

தார் ரோடு வரைக்கும் பரவாயில்லை. அதைத் தாண்டி மண்பாதைக்குத் திரும்பியதும் ஆரம்பித்தது சோதனை. பாதை முழுக்க மழையில் கிளம்பிய பாறைக் கற்கள். இடது பக்கம் பள்ளம். எட்டிப் பார்த்தால் மரங்களின் உச்சிதான் தெரிந்தது. ஒவ்வொரு கல்லில் ஏறி இறங்கும்போதும் ஆண்ட்ரூசின் கை கம்பியை இறுக்கிப் பிடித்தது. பின்னால் எட்டுப் பேர். அவர்களில் ஒருத்தியான வினோலியாவின் மடியில் ஐந்து மாதக் குழந்தை வேறு. போன ஞாயிறுதான் ஞானஸ்நானம் ஆகியிருந்தது. அந்த விருந்தில் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, இரண்டாம் முறையும் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டவர் ஆண்ட்ரூஸ்.

உபகாரசாமிக்குப் பேச்சில்லாமல் பொழுது போகாது. "ஏப்பா, இந்த மாதிரி காட்டுப் பாதைக்கு டியூப் டயர் நல்லதா, டியூப்லெஸ் நல்லதா?"

எல்லாரும் ஆண்ட்ரூசைப் பார்த்தார்கள். தொழில் தெரிந்த வாய் தானாகப் பதில் சொன்னது. "முள்ளுக் காடுன்னா டியூப்லெஸ்ஸுங்க. குத்துனாலும் காத்து சட்டுனு போகாது. டியூப்புன்னா உடனே உக்காந்துடும். ஆனா கல்லுல அடிபட்டு ரிம்மு நெளிஞ்சா டியூப்லெஸ்ல அந்த வழியா காத்து போயிடும். டியூப்பு தாங்கும், நடுக் காட்டுல நின்னாலும் கழட்டி ஒட்டுப் போட்டுக்கலாம்."

"இந்த வண்டில என்ன போட்டிருக்க?"

"டியூப்லெஸ் டயருங்க. உள்ள... டியூப்பும் இருக்கு."

"ரெண்டுமா! பாத்தியா வினோலியா, டபுள் பாதுகாப்பு! நம்மாளு நம்மாளுதான்!" என்று உபகாரசாமி அவர் தோளில் தட்டினார். அந்தத் தட்டுக்குப் பதிலாக ஒரு அறையே விழுந்திருக்கலாம் என்று இருந்தது அவருக்கு.

மேலே போகப் போகக் கற்கள் பெரிதாயின. காலுக்குக் கீழே டொப், டொப் என்று ஒரு சத்தம் கேட்டது. மற்றவர்கள் காதில் அது விழவில்லை. ஆண்ட்ரூசுக்கு வேறு எதுவுமே கேட்கவில்லை. உள்ளே வைத்த துண்டு நகர்ந்துவிட்டது, வெட்டு வழியாக டியூப் பிதுங்குகிறது, ஒரு கூரான கல் போதும். மாதாவே, காப்பாத்து என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. செய்தது அவர், மாதா என்ன செய்வாள்?

"அடுத்த வளைவு ரொம்ப மோசமுங்ணா" என்றான் குழந்தைவேல். "அங்க நாலு டயர்லயும் கொஞ்சம் காத்த எறக்கிக்கறனுங்க. புடிமானமா ஏறும்."

"வேண்டாம்!" ஆண்ட்ரூஸ் கத்தியே விட்டார். காற்றை இறக்கினால் டயர் இன்னும் மடங்கும். மடங்கினால் அந்த இடத்திலேயே பிளந்துவிடும்.

"ஏனுங்க? உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

வளைவு கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. பாதை ஒரு ஜீப் அகலம்தான், அதற்கப்பால் வெறும் வானம். சொன்னால் இருபது வருடப் பேர் போய்விடும். சொல்லாவிட்டால் இந்தப் பதினோரு உயிரும் போய்விடும். பின்னால் குழந்தை எதற்கோ கலகலவென்று சிரித்தது.

"நிறுத்துப்பா! கும்புட்டுக் கேக்கறேன், நிறுத்து. அந்த டயர்ல வெட்டு இருக்கு. தெரிஞ்சேதான் மாட்டுனேன்."

ஜீப் நின்றது. குழந்தைவேல் இறங்கிச் சுற்றிவந்து குனிந்தான். டயரின் பக்கவாட்டில், பாலிஷ் போட்ட கறுப்பைப் பிளந்துகொண்டு, எலுமிச்சம்பழம் அளவுக்கு டியூப் வெளியே வீங்கி நின்றது.

வினோலியா குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதலில் இறங்கினாள். "எம் புள்ளையத் தூக்கிக் கொஞ்சுனீங்களேண்ணா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் சொல்லியிருந்தால் ஆண்ட்ரூஸ் தாங்கியிருக்க மாட்டார்.

"ஸ்டெப்னி இருக்குங்க, மாத்திடலாம். அது சத்தியமா நல்ல டயர்" என்றார் ஆண்ட்ரூஸ், அழுகிற குரலில்.

குழந்தைவேல் நிமிர்ந்து பார்த்தான். "அதுவும் போன மாசம் நீங்க போட்டதுதானுங்களே?"

ஸ்டெப்னி உண்மையிலேயே புது டயர். ஒட்டில்லை, வெட்டில்லை. ஆனால் அன்றைக்கு அதை நம்ப ஒருவரும் தயாராக இல்லை. உபகாரசாமி முதற்கொண்டு எல்லாரும் பூக்கூடையையும் பொங்கல் அண்டாவையும் தூக்கிக்கொண்டு, மிச்சம் இரண்டு மைலையும் நடந்தே ஏறினார்கள். குழந்தைவேல் டயரை மாற்றி முடித்துவிட்டு, இடது பக்கக் கதவைத் திறந்தான்.

"ஏறுங்ணா. நல்ல டயருன்னு சொன்னீங்களே, நீங்க மொதல்ல ஏறுங்க. ஓட்டறவன் நானு, உக்கார்றவரு நீங்க. இனிமே நீங்க எதச் சொன்னாலும் இப்படித்தான் நம்புவேன்."

ஆண்ட்ரூஸ் ஏறினார். ஜீப் வளைவைத் தாண்டி மேலே ஏறியது.

இப்போதும் அந்த வெட்டு விழுந்த டயர் ஆண்ட்ரூசின் கடை வாசலில் தொங்குகிறது. வெட்டைச் சுற்றி வெள்ளைப் பெயிண்டால் வட்டம் போட்டிருக்கிறார். இல்லாத டயரை இல்லை என்று சொல்லி, எதிர்க்கடைக்கு அவரே கைகாட்டி அனுப்புகிறார். வினோலியா குடும்பம் இன்னும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போன வாரம் வாழப்பாடியிலிருந்து ஜீப்போடு வந்த ஒருவர், காட்டுப் பாதைக்கு டியூப்பா டியூப்லெஸ்ஸா, எதுங்க நல்லது என்று கேட்டார்.

"ரெண்டும் நல்லதுதானுங்க, பாதையப் பாத்துப் போட்டா" என்றார் ஆண்ட்ரூஸ். "ஆனா அதுக்கு முன்னாடி டயர் விக்கறவன்கிட்ட ஒண்ணு கேளுங்க. இதே டயரப் போட்டு உன் பொண்டாட்டி புள்ளைங்கள மலைக்குக் கூட்டிட்டுப் போவியான்னு கேளுங்க. நம்ம வீட்டு ஆளுங்களுக்கு ஆகாதத அடுத்தவங்களுக்கு மாட்டிவிடறது வியாபாரம் இல்லைங்க, கொலை. நான் கொலை பண்ணப் பாத்தவன். அதான் சொல்றேன்."