தாமதச் சீட்டு வரிசை

கலவரம் ஓய்ந்து, பதினொரு நாள் கழித்துப் பள்ளி திறந்தபோது, பிள்ளைகளின் மனக்குறை கேட்பதற்கென்றே ஓர் அறையும் திறக்கப்பட்டது. மூன்று நாள் பயிற்சி முடித்து, சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டு, ஆலோசகர் அதில் வந்து அமர்ந்தார். ஆறு மெத்தைத் திண்டுகள், ஒரு காகிதப் பூ, சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு காதின் படம். அதைப் பார்த்த பிள்ளைகள் அன்றே அவருக்குக் 'காது சார்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்ததோடு சரி. இரண்டு வாரத்தில் அந்த அறைக்குள் வந்தவன் ஒரே ஒருவன். அவனும் மின்விசிறி பழுது பார்க்க வந்தவன்.

கூட்டமெல்லாம் எதிரே, அலுவலக ஜன்னலில். நேரங்கழித்து வரும் பிள்ளைகளுக்கு வகுப்பில் நுழையச் சீட்டு எழுதித் தரும் குமாஸ்தா அம்மாள் அங்கே இருந்தாள். பிள்ளைகளுக்கு அவள் 'சீட்டு அக்கா'. கலவரத்துக்கு முன்பெல்லாம் ஒரு நாளைக்கு நாலு பேர் தாமதம், இப்போது முப்பது. அவள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. "ஏன் லேட்டு?" என்று ஒரு கேள்வி, பிறகு ஆமை நடையில் எழுத்து. பேனா நகர நகர, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பிள்ளை எதையாவது சொல்லிக்கொண்டே இருக்கும். சிலது அழும்.

காது சாருக்கு வயிறு எரிந்தது. முறையாகக் கேட்கப் படித்தவன் ஈ ஓட்டுகிறேன், ரப்பர் ஸ்டாம்ப் குத்துகிறவளுக்குச் சினிமாக் கொட்டகைக் கூட்டமா? தாமதச் சீட்டு முறையையே ஒழிக்க வேண்டும் என்று தலைமையாசிரியைக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினார். அதைத் தட்டச்சு செய்யத் தெரிந்தவர் பள்ளியில் ஒருவர்தான். அதே அம்மாள்.

"சார், 'பிள்ளைகளின் உளநலன் கருதி' மூணு தடவை வருது. ஒண்ணு போதுமா?"

"போதும், போதும்."

"ஆதாரம் இணைப்புன்னு போட்டிருக்கீங்க. எங்க?"

"உங்க பதிவேடுதாம்மா. குடுங்க."

புரட்டினார். காரணம் என்ற கட்டத்தில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே வாசகம்: பேருந்து தாமதம்.

"அதுங்க என்ன சொன்னாலும் இதையேதான் எழுதுவீங்களா?"

"சொல்றதை எழுதி வெச்சா நாலு பேர் படிப்பாங்களே சார்."

அவர் விரல் ஓரிடத்தில் நின்றது. ஏழாம் வகுப்பு, ஆ பிரிவு. அவருடைய மகள். ஒன்பது தடவை. தினமும் மணியடிக்க அரை மணி நேரம் முன்பே அவருடைய ஸ்கூட்டரிலிருந்து இறங்குகிற மகளுக்குப் பேருந்து தாமதம்!

"இவ என்ன சொன்னா?"

"அதைச் சொல்ல மாட்டேன் சார்."

"நான் அவளைப் பெத்த அப்பன்மா!"

"அதனாலதான் சார்."

கடிதத்தை நாலாய் மடித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் காலை. பாதி வழிக்குள் பயிற்சிக் கேள்விகள் ஐந்தையும் மகளிடம் கேட்டு முடிப்பது அவர் வழக்கம். "உன் மனசுக்கு இன்னிக்குப் பத்துக்கு எத்தனை மார்க்?" என்பார், "ஒம்பது" என்பாள், பிறகு பேச்சில்லை. இன்று வாயைப் பூட்டிக்கொண்டார். பள்ளி வாசல் வந்தது. வண்டியை நிறுத்தவில்லை.

"அப்பா, கேட் போயிடுச்சு."

"ம்."

முகப்பு கருகிய கடைகளைத் தாண்டி மூன்று தெரு ஓடியது. அப்புறம் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"கலவரத்தன்னிக்கு, கிளாஸ்ல என் பக்கத்துல உக்கார்றவ போன் பண்ணினாப்பா. ஆறு தடவை. யார் போனையும் எடுக்காதேன்னு நீங்கதான் சொன்னீங்க. அப்புறம் அவ ஸ்கூலுக்கே வரல."

ஸ்கூட்டர் ஒரு ஆட்டம் ஆடி நேரானது. இந்த இடத்தில் சொல்ல வேண்டிய ஆறுதல், பயிற்சிக் கையேட்டில் நாலாம் பக்கத்தில் இருந்தது. நுனிநாக்கு வரை வந்ததை விழுங்கினார்.

"நான் சொன்னது தப்பும்மா."



"நல்லாத்தான் இருக்காளாம். அவ மாமா வீட்டுல. நேத்துதான் சீட்டு அக்கா ஆபீஸ் போன்ல பேச வெச்சாங்க."

அடிவயிற்றில் குப்பென்று பற்றிக்கொண்டது. இதையும் அவளே செய்துவிட்டாளா! பெற்றவனுக்கென்று ஒரு துணுக்காவது மிச்சம் வைக்கக் கூடாதா?

"என்ன சொன்னா உன் பிரெண்டு?" என்று கேட்டார், வயிற்றெரிச்சலோடுதான்.

மகள் அவர் தோளில் மோவாயை ஊன்றிக்கொண்டாள்.

"அது பெரிய கதைப்பா. பெட்ரோல் இருக்கா?"