ஆளுக்கொரு சீட்

அன்றைக்கு வேன்காரனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஏழு வருஷமாக ஓடிக்கொண்டிருந்த பெரிய வேனில் பெஞ்சுகளையெல்லாம் கழற்றிவிட்டு, ஆளுக்கொரு தனி சீட்டாகப் போடப்போகிறான். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று, மொத்தம் ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் கைப்பிடி, தலைக்கு மெத்தை. ஓரத்திலிருக்கும் பிடியை இழுத்தால் முதுகு சாயும். வாடகைக்கு எடுக்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் பெஞ்சு என்றாலே முகத்தைச் சுளிக்கிறார்கள். தொடையோடு தொடை இடித்துக்கொண்டு உட்கார யாருக்குப் பொறுமை இருக்கிறது? போன மாதம் மட்டும் நாலு சவாரி கைநழுவிப் போயிருந்தது. அதனால் அவன் செய்தது தப்பு என்று யாரும் சொல்லிவிட முடியாது. சொல்ல முடிந்திருந்தால் அவனுக்கே கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத்தான் பட்டறைக்குப் போனார்கள். வண்டியில் அவனுடைய அக்காவும் இருந்தாள். வாரத்தில் இரண்டு நாள் அவளுக்கு டயாலிசிஸ். நாலு மணி நேரம் மிஷினோடு கிடந்துவிட்டு வெளியே வரும்போது பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பாள். தலை சுற்றும், குளிரும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். சம்பளத்துக்கு வைத்திருக்கும் டிரைவர் வண்டியை எடுப்பார். கடைசி பெஞ்சின் மூலையில் வேன்காரன் உட்கார, அக்கா அவன் மடியில் தலையை வைத்துக் காலை நீட்டிப் படுத்துவிடுவாள். வீடு வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒரு வருஷமாக இப்படித்தான்.

இப்போது உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும். அந்த மடி அவனுக்குச் சலித்துப்போயிருந்தது. பத்து நிமிஷத்தில் கால் மரத்துவிடும். அசைந்தால் அக்கா விழித்துக்கொள்வாள். போன் அடித்தால் எடுக்க முடியாது, எடுத்தாலும் கிசுகிசுவென்றுதான் பேச வேண்டும். அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. அதற்குப் பிறகு அவனைக் குளிப்பாட்டி, சோறு போட்டு, காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்கத் தூக்கிக்கொண்டு நடந்தவள் அவள். ஒரு நாளாவது அதைச் சொல்லிக் காட்டியிருப்பாளா? மூச்சு விட்டதில்லை. அப்படிப்பட்டவளின் தலை அவனுக்குக் கனத்தது. சீ, என்ன மனுஷன் நான் என்று அவனே தன்னைத் திட்டிக்கொள்வான். திட்டிக்கொண்டே கடிகாரத்தையும் பார்ப்பான்.

ஃபிட்டர் நிதானமான ஆள். முதலில் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, டீசல் டேங்க் எங்கே இருக்கிறது, பிரேக் குழாய் எந்தப் பக்கமாகப் போகிறது என்று பார்த்துவிட்டு வந்தார். அது தெரியாமல் மேலேயிருந்து துளை போட்டால் வம்புதான். பிறகு டேப்பை இழுத்து அளந்து, தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். சீட் ஒன்றுக்கு நாலு போல்ட், தரைக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு இரும்புத் தகடு.

"தகடு எதுக்குங்க? மேல இவ்வளவு பெரிய போல்ட் இருக்கே?" என்று கேட்டான் வேன்காரன்.

"திடீர்னு ஒரு பிரேக் அடிச்சா சீட்டும் ஆளும் சேர்ந்து டிரைவர் மடியில வந்து உக்காராம இருக்கத்தான் அண்ணே," என்றார் ஃபிட்டர்.

இரண்டு பெஞ்சுகள் வெளியே வந்துவிட்டன. மூன்றாவதற்கு வந்ததும் ஃபிட்டர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அண்ணே, இந்தக் கடைசி பெஞ்ச மட்டும் விட்டுடலாமா? நல்லா கெட்டியா இருக்கு. வரும்போது அக்கா இதுலதான படுத்துட்டு வந்தாங்க?"

அக்கா பட்டறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விழாமல் இருந்திருக்காது.

"வேணாங்க. ரெண்டு வரிசை ஒரு மாதிரி, ஒரு வரிசை ஒரு மாதிரின்னா பாக்கவே நல்லா இருக்காது," என்றான் அவன். சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே கொஞ்சம் உரக்கச் சேர்த்துக்கொண்டான். "அக்காவுக்காகத்தான் இந்தச் செலவே. நல்லா சாஞ்சுக்கிட்டு வரலாம்ல?"

ஃபிட்டர் அக்காவைப் பார்த்தார்.

"தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள் அக்கா.

அந்த இடத்தில் அவன் ஒரு தடவை திரும்பி அவள் முகத்தைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதுவும் இல்லை. பெஞ்சு கழன்று வந்தது.

சாயந்திரம் வேலை முடிந்ததும் முதல் ஆளாக அக்காவைத்தான் ஏற்றி உட்காரவைத்தான். அவள் இரண்டு கையையும் இரண்டு கைப்பிடியில் வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தாள்.

"ஏன்டா, பல் புடுங்கறவர்கிட்ட வந்த மாதிரி இருக்குடா," என்று சிரித்தாள்.

எல்லோரும் சிரித்தார்கள். ஃபிட்டர் ஒவ்வொரு சீட்டையும் ஆட்டிப் பார்த்தார். இம்மிகூட அசையவில்லை. வேலை சுத்தம். குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

சவாரியும் வந்தது, சும்மா சொல்லக்கூடாது. போனைக் கீழே வைக்க நேரமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் வரும்போதும் வேன்காரன் முதல் வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வான். சார்ஜர் போட அங்கேதான் வசதி. அக்காவுக்கு இரண்டாம் வரிசையில் ஒற்றை சீட். பெல்ட்டை மாட்டிவிட்டு, சால்வையை இழுத்துவிட்டு வந்துவிடுவான். மடி காலியாக இருந்தது. கால் மரக்கவில்லை. எவ்வளவு சுகமாக இருந்தது என்பதைத்தான் பிறகு அவனால் தாங்க முடியவில்லை.

நாலாவது வாரம் ஒரு மத்தியானம். அன்றைக்கு மிஷினில் இருக்கும்போதே அக்காவுக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. நர்ஸ் அரை மணி நேரம் படுக்கவைத்து, பிறகுதான் அனுப்பினாள். வண்டி கிளம்பிப் பாதி தூரம் வந்திருக்கும். வேன்காரன் ஒரு கம்பெனிக்காரரோடு மாத வாடகை பேசிக்கொண்டிருந்தான்.

"தம்பி," என்றாள் அக்கா பின்னாலிருந்து. "கொஞ்சம் படுத்துக்கணும் போல இருக்குப்பா."

அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டு, திரும்பாமலே, "பக்கத்துல பிடி இருக்குல்லக்கா, இழுத்துச் சாச்சுக்கோ," என்றான். பிறகு போனில், "ஒண்ணுமில்ல சார், நீங்க சொல்லுங்க," என்றான்.

கம்பெனிக்காரர் சொன்னார். சொல்லிக்கொண்டே இருந்தார்.

திடீரென்று டிரைவர் கண்ணாடியைப் பார்த்துக் கத்தினார். "சார்! அக்கா சீட்ல இல்ல!"

வேன்காரன் போனை சீட்டிலேயே போட்டான். கதவு திறந்துகொண்டதோ, விழுந்துவிட்டாளோ என்று நூறு எண்ணம். டிரைவர் வண்டியை ஓரங்கட்டுவதற்குள் எழுந்து பின்னால் ஓடினான்.

அக்கா கீழே படுத்திருந்தாள். சீட்டுகளுக்கு நடுவே ஆள் நடக்க விட்டிருந்த வழியில், சால்வையைத் தரையில் விரித்து, ஒருக்களித்து, முழங்காலை மடக்கிக்கொண்டு. செருப்பு வைக்கும் இடத்தில் தலை இருந்தது. போல்ட் முனைகள் கன்னத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றன. விழவில்லை. தானே பெல்ட்டைக் கழற்றி, தானே இறங்கி, சத்தம் போடாமல் படுத்திருக்கிறாள். அவன் போனில் பேசிக்கொண்டிருந்தானே, தொந்தரவு பண்ண வேண்டாமே என்று.

"அக்கா! என்னக்கா இது! எந்திரிக்கா!"

அவளை வாரி எடுத்தான். பக்கத்துப் பக்கத்து சீட் இரண்டில் குறுக்காகப் படுக்கவைக்கப் பார்த்தான். நடுவில் கைப்பிடி. மேலே தூக்கிப் பார்த்தான், கீழே அழுத்திப் பார்த்தான், இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்தான். எதற்கு அசையும்? ஃபிட்டர் அவ்வளவு நன்றாகப் போட்டிருந்தார்.

"விலாவுல குத்துதுப்பா," என்றாள் அக்கா. மெல்ல அவன் கையிலிருந்து வழுக்கி, மறுபடி தரையிலேயே படுத்துக்கொண்டாள்.

சரி, நாமும் கீழேயே உட்கார்ந்துவிடுவோம், தலையை மடியில் வைத்துக்கொள்வோம் என்று அவனும் அந்த வழியில் இறங்கிப் பார்த்தான். இடுப்பு இரண்டு சீட்டுக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. காலை மடக்க இடமில்லை, நீட்டினால் அவள் மேல் படும். ஐம்பது வயது ஆள், சொந்த வேனில், அக்காவின் தலைக்கு அரை முழம் தள்ளி மண்டியிட்டு, "நான் பாவிக்கா, நான் பாவி" என்று விம்மி விம்மி அழுதான்.

அக்கா கண்ணைத் திறந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கொஞ்சமாவது இருந்திருந்தால் தேவலை.

"எதுக்குடா அழற? இங்க நல்லாத்தான் இருக்கு, கால நீட்டிக்க முடியுது," என்றாள். "வண்டி கெளம்பினா நீ விழுந்துருவப்பா. போ, போய் உன் சீட்ல உக்காரு."

டிரைவர் இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தார். வேறு இடம் எதுவும் இல்லாததால் அவன் போய் உட்கார்ந்தான்.