வரப்போரத்துப் பச்சை

ரெபேக்காளுக்கு அந்த மாதம் முழுக்கப் பச்சை நிறத்தின் மேலேயே கோபம். வரப்புக்கு அந்தப் பக்கம், பக்கத்து நிலத்துக்காரர் துரையின் நெற்பயிர் கண்ணைப் பறிக்கிற கரும்பச்சையில் நின்றது. இவள் பயிரோ சோகை பிடித்த மாதிரி வெளிறிக் கிடந்தது.

மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் யார் யார் நிலத்திலோ நாற்று நட்டுப் பழகிய கை அவளுடையது. சொந்தப் பொறுப்பில் பயிர் வைப்பது இதுதான் முதல் தடவை. நிலம் கூடுவாஞ்சேரியில் குடியிருக்கும் நரசிம்மனுடையது. பயிர் நன்றாக வந்தால் தை மாதத்தில் குத்தகையை நீட்டிப்பதாகவும், இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவதாகவும் கறாராகச் சொல்லித்தான் கொடுத்திருந்தார். காரை விட்டு இறங்காமல் ரோட்டிலிருந்தே பச்சையைப் பார்த்து மார்க் போடுகிற மனிதர் அவர்.

அப்படிப்பட்டவரின் நிலத்தில்தான் இவள் எல்லோரையும் போல யூரியாவை வீசவில்லை. வேளாண்மை ஆபீஸ் கூட்டத்துக்குப் போய்விட்டு யூரியா உருண்டைகளை வாங்கி வந்தாள். வீசுகிற யூரியாவில் பெரும்பங்கு தண்ணீரோடும் காற்றோடும் போய்விடுமாம். உருண்டையாக்கி நெற்குத்துகளுக்கு நடுவே சேற்றில் ஆழமாக அழுத்திவிட்டால், மெல்ல மெல்லக் கரைந்து கதிர் வரும்வரை வேருக்குக் கிடைக்குமாம். குனிந்து அழுத்திக்கொண்டிருந்தவளைப் பார்த்துப் பெண்கள் சிரித்தார்கள்.

"இன்னா ரெபேக்கா, பயிருக்கு ஜொரமா? மாத்திர குடுத்துகினு கீற?"

ஒரு நாள் நரசிம்மன் வந்தார். கார்க் கண்ணாடியை இறக்கித் துரையின் பயிரைப் பார்த்தார், இவள் பயிரைப் பார்த்தார். "தையில பேசிக்கலாம்மா" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அவள் புருஷன் பூபாலன் அணுபுரத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். "ஒரு மூட்ட வாங்கியாந்து வீசிடலாம்மே" என்றான். "நெலம் போச்சின்னா திரும்பக் கூலிக்குத்தான் போவணும்."

"உள்ள உருண்ட கீது. மேலயும் வீசுனா கொழுத்துப்போய் சாஞ்சிடும். சும்மா கெடய்யா."

வாய்தான் சொன்னது. மனசுக்குள் அவளுக்கே பயம்.

அடுத்த வாரம் களை பார்க்கப் போனவள் திகைத்து நின்றாள். துரையின் வரப்பை ஒட்டி, அவள் நிலத்தில் ஒரு பட்டை மட்டும் கருகருவென்று பச்சை கட்டியிருந்தது. விறுவிறுவென்று வீட்டுக்கு வந்தாள்.

"யோவ், ஞாயித்துக்கெழம தலவலின்னு கோயிலுக்கு வராம படுத்துகினியே, யூரியா வீசத்தானா?"

"நான் வீசலம்மே! பைபிள் மேல கை வெச்சி சொல்றேன்."

"பைபிள இதுல இழுக்காத."

அதற்கப்புறம் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சோற்றை அவனே போட்டுக்கொண்டு சாப்பிட்டான், பாவம்.

அந்தக் கோபத்துக்கு நடுவிலும் பயிர் அதன்பாட்டுக்குத் தேறியது. மெல்லத்தான் பச்சை ஏறியது. ஏறின பச்சை இறங்கவில்லை. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டுகிற சமயத்தில் கதிர்கள் பால் பிடித்து நின்றன. அப்போதுதான் புயல் மழை கொட்டித் தீர்த்தது.

மழை விட்டதும் ரெபேக்காள் ஓடினாள். துரையின் பயிர் பாயாகப் படுத்துக் கிடந்தது. அவள் நிலத்தில் அந்த வரப்போரத்துப் பட்டை மட்டும் சாய்ந்திருந்தது. மிச்சம் அத்தனையும் நின்றது. சேற்றில் நின்றபடியே அழுதாள், அத்தனை சந்தோஷம். வரப்பில் உட்கார்ந்திருந்த துரையின் முகத்தைப் பார்த்ததும் சந்தோஷப்படவே கூச்சமாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து நரசிம்மனின் கார் வந்து நின்றது. மனிதர் முதன்முறையாகக் காரை விட்டு இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் நடந்து வந்தார்.

"எல்லாம் நிக்குது. இந்த ஓரம் மட்டும் ஏம்மா சாஞ்சிடுச்சு?"

புருஷன் பேரைச் சொல்ல ரெபேக்காள் வாயைத் திறந்தாள். அதற்குள் துரை எழுந்தார்.

"நான்தான் சார். ஒரு ஞாயித்துக்கெழம இந்தப் பொண்ணு கோயிலுக்குப் போயிருந்திச்சி. பயிரு வெளுத்துக் கெடந்தத பாக்க மனசு கேக்கல. நீங்க நெலத்தப் புடுங்கிட்டீங்கன்னா இன்னா பண்ணும்? எனக்கு மீந்த யூரியாவக் கை எட்டின மட்டும் வீசிட்டேன்."

பக்கத்து நிலம் காய்ந்தால் கேட்காமலே மடையைத் திறந்துவிடுகிற ஊர் அது. துரை தண்ணீருக்குப் பதிலாக யூரியாவைத் திறந்துவிட்டிருக்கிறார், அவ்வளவுதான். ரெபேக்காளுக்குக் கோபமே வரவில்லை.

நரசிம்மன் சாய்ந்ததையும் நின்றதையும் மாறி மாறிப் பார்த்தார். "அடுத்த வருஷமும் நீயே வையி" என்றார்.

"அண்ணாத்த, அடுத்த தபா உங்க நெலத்துக்கும் நானே வந்து அழுத்தித் தரேன்" என்றாள் ரெபேக்காள். "நீங்க கைய மட்டும் கட்டிகினு நில்லுங்க." துரை அத்தனை வருத்தத்திலும் சிரித்துவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், மாமல்லபுரத்திலிருந்து வருகிற மீன்காரியிடம் பேரம் பேசாமல் வஞ்சிரம் வாங்கினாள். ராத்திரி பூபாலன் தட்டை எடுக்கப் போனபோது பிடுங்கிக்கொண்டு, அவளே சோறு போட்டு, பெரிய துண்டாகப் பார்த்து வைத்தாள்.

அவன் மிரண்டு போனான். "இன்னாமே விசேஷம்?"

"நெலம் நம்மகிட்டயேதான்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, அவன் முகத்தைப் பார்க்காமல், "நீ வீசல. துன்னுய்யா" என்றாள்.