புளி போட்டுத் தேய்த்த பியாஸ்தர்

நண்பர்களிடம் பழைய வெள்ளிக் காசு வாங்கும்போது லினெட்டுக்கு ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. முதலில் அவர்களே ஏதாவது நகைக்கடைக்குப் போய் எடை போட்டு, வெள்ளிக்கு என்ன தருவார்கள் என்று கேட்டு வர வேண்டும். அதற்குக் குறைத்து அவள் வாங்கமாட்டாள். சேகரிப்பவர்கள் தேடும் காசாக இருந்தால், அது கடைசியாக ஏலத்தில் என்ன விலைக்குப் போனது என்பதைக் கைப்பேசியில் காட்டி, அதில் முக்கால் பங்கு தருவாள். மீதிக் கால் பங்கு தனக்கு என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவாள். "நீயே பார்த்துக் குடு" என்று யாராவது சொன்னால் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். பிரெஞ்சு ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆறு வருடங்களில் இருபது பேரிடம் வாங்கியிருக்கிறாள். ஒருவரோடும் மனஸ்தாபம் வந்ததில்லை.

அஞ்சலாட்சி எட்டாம் வகுப்புவரை அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து விற்கிறாள். மாமனாரின் அப்பா சைகோனில் சிப்பாயாக இருந்து கொண்டுவந்த ஐந்து பியாஸ்தர் வெள்ளிக் காசுகளைப் போன வாரம் படமெடுத்து அனுப்பியிருந்தாள். நான்கு சாதாரணம், அவள் நகைக்கடையில் கேட்டுவந்த வெள்ளி விலைதான், ஒவ்வொன்றும் இரண்டாயிரம். ஐந்தாவது, அதிகம் அச்சடிக்காத வருடத்தது. கருமை படிந்து, விளிம்பு தேயாமல் இருந்தது. ஏலத்தில் இருபத்து நாலாயிரம். முக்கால் பங்கு, பதினெட்டாயிரம். ஆக இருபத்தாறாயிரம் என்று லினெட் போனில் சொல்லிவிட்டாள். அதை நம்பி அஞ்சலாட்சி சேதராப்பட்டில் ஒருவரிடம் ஒரு பழைய ஃப்ரீசரை அதே விலைக்குப் பேசி வைத்துவிட்டாள். மிஞ்சிய மீனை மத்தியானம் பாதி விலைக்குத் தள்ளிவிடும் அவதி அதோடு தீரும்.

சனிக்கிழமை காலை அஞ்சலாட்சி லினெட் வீட்டு மேசையில் காசுகளைக் கொட்டினாள். ஐந்தும் பளபளவென்று இருந்தன.

"புளி போட்டு ஊற வச்சி, பல்பொடியால தேச்சேன். எப்பிடி மின்னுது பாரு."

லினெட் லென்ஸை எடுத்து ஐந்தாவது காசைப் பார்த்தாள். காசின் முகம் முழுக்க மெல்லிய கீறல்கள்.

"ஏண்டி கழுவின?"

"கழுவாத மீன எவ வாங்குவா?"

"இது மீனில்லடி. அந்தக் கறுப்புக்குத்தான் வெலையே. இப்ப நாலாயிரம் கூட தேறுமோ என்னமோ."

அஞ்சலாட்சியின் முகம் மாறியது. "அத மொதல்லயே சொல்றதுக்கு என்னா?"

லினெட் லென்ஸைக் கீழே வைத்தாள். காசைத் தொடாதீர்கள், துடைக்காதீர்கள் என்பதுதான் மற்ற எல்லோருக்கும் அவள் சொல்லும் முதல் வார்த்தை. அன்றைக்கு இவர்கள் பேச்சு கூடப் படித்தவளின் மகள் கல்யாணத்துக்குத் தாவியதில் அது விட்டுப்போயிற்று.

"சொன்ன இருபத்தாற தந்துடறேன். தப்பு எம்மேல."

"வேணாம். தேச்சது நானு. நீ எனக்குத் தெண்டம் அழுதன்னா, நாளைக்கு உங்கிட்ட வஞ்சிரத்துக்கு எந்த வாயால வெல சொல்லுவேன்? நீயும் பேரம் பேச மாட்ட. அப்புறம் நாம என்னாத்த பேசிக்கிறது?"

"அப்ப இந்தக் காசுக்கு நாலாயிரமே போதுமா?"

"ஆங்! மதாமுக்கு நான் இளிச்சவாயா தெரியறனா? அந்த நாலாயிரமே எங்கேர்ந்து வந்துச்சுன்னு காட்டு மொதல்ல."

லினெட் ஏலப் பக்கத்தைத் திறந்தாள். அதே வருடத்துக் காசு, தேய்த்துக் கழுவியது, ஐயாயிரத்து முந்நூறு. முக்கால் பங்கு ஏறக்குறைய நாலாயிரம். அஞ்சலாட்சி படத்தைப் பெரிதாக்கி, கையிலிருந்த காசோடு ஒப்பிட்டு, ஒத்துக்கொண்டாள்.

"ஏலம் படிஞ்சி, மீன் கூடை கை மாறும்போது கவுந்துச்சின்னா, நாங்க நஷ்டத்த ஆளுக்குப் பாதி ஏத்துக்குவோம். நீ வெல சொல்லிட்ட, நான் சரின்னுட்டேன். நடுவுல கவுந்துபோச்சி. அவ்ளோதான்."

பதினெட்டு நாலானதில் நஷ்டம் பதினாலாயிரம், பாதி ஏழு. ஐந்தாவது காசுக்குப் பதினொன்று, மற்ற நான்குக்கு எட்டு. லினெட் பத்தொன்பதாயிரத்தை எண்ணி வைத்தாள். அஞ்சலாட்சி அதை மறுபடி எண்ணிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து சேதராப்பட்டுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, அந்தக் கதவு ரப்பரு பிஞ்சிருக்குதே, அத மாத்தவே ரெண்டாயிரம் ஆவுமாம். பத்தொம்போதுதான். ரொக்கமா எடுத்தாரேன்... இருபத்தஞ்சா? அப்ப நீங்களே வச்சி மோரு குளுர வையுங்க."

கால் மணி நேரத்தில் அது இருபதுக்கு இறங்கியது. குறைந்த ஓராயிரம் அவள் மடியிலேயே இருந்தது.

திங்கள்கிழமை லினெட் துறைமுகத்துக்குப் போனாள். அஞ்சலாட்சி ஒரு வஞ்சிரத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"கிலோ தொள்ளாயிரம்."

"அநியாயம்டி. அந்தாண்ட எட்நூத்தம்பதுக்குக் கூவறாங்க."

"அப்ப அந்தாண்டயே போ. எங்கிட்ட ஃப்ரீசர் இருக்குது, எனக்கு அவசரமில்ல."

லினெட் நகரவில்லை. செவுளைத் தூக்கிப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், எண்ணூற்று அறுபது என்றாள். எண்ணூற்று எழுபதில் முடிந்தது.