கெட்ட நாளைக்கு வந்த அனுதாபங்கள்

லாசாலில் இருந்த இறுதிச்சடங்கு மண்டபத்தில், கோட்டுகள் தொங்கும் அறைக்குள் ஒளிந்து நின்று வினோஜா கைபேசியில் அனுதாபங்களை அழித்துக்கொண்டிருந்தாள். அழிக்க அழிக்க வந்துகொண்டே இருந்தன.

போன மாதம் அவள் ஒரு வலைப்பூ தொடங்கியிருந்தாள். பெயர் 'கெட்ட நாளை'. டிஸ்டோபியா நாவல்களை, அதாவது உலகம் உருப்படாமல் போகும் கதைகளை மட்டுமே அதில் அலசுவது என்று முடிவு. முதல் பதிவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுக் கெஞ்சியும் ஈ காக்கை எட்டிப்பார்க்கவில்லை. அப்பா மட்டும் பெருவிரலை உயர்த்தினார். அவர் எதற்கும் உயர்த்துவார், மரண அறிவித்தலுக்குக்கூட.

இப்போது அப்பாவுக்கே மரண அறிவித்தல். அதை இணையத்தில் போட்ட அருமைநாதன் சித்தப்பா, 'அனுதாபம் தெரிவிக்க' என்ற இடத்தில் குழுவில் கிடந்த கடைசி லிங்கை ஒட்டிவிட்டார். விடிவதற்குள் 'கெட்ட நாளை'க்குப் பாரிஸ், லண்டன், ரொறன்ரோ என்று ஊர்ப்பட்ட வாசகர்கள்.

அனுதாபத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. சனம் பதிவை வாசித்தும் விட்டது. அதில் அவள் அலசிய நாவலில், அழுவதற்கு அரசாங்கத்திடம் அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டிய ஒரு நாடு. தாய் இறந்த செய்தி கேட்டு, சீட்டுக் கொடுக்காமல் இழுத்தடிக்கும் அதிகாரியின் முன்னால் வரிசையில் நிற்கும் ஒரு தொழிலாளி. அந்தத் தொழிலாளிக்கு நாவலில் பெயர் இல்லை. சொந்தக்காரர்கள் அப்பாவின் பெயரை வைத்துவிட்டார்கள்.

'சவிரிமுத்து அண்ணை இவ்வளவு பாடுபட்டவர் எண்டு தெரியாமல் போச்சே' என்று பாரிஸ் மாமி எழுதியிருந்தார். 'ஆர் அந்த அதிகாரி? நாசமாய்ப் போவான்' என்று லண்டனிலிருந்து ஒரு சாபம். ஒருவர் மட்டும், மிச்சக் கதை எப்போது வரும் என்று கேட்டிருந்தார். அந்த ஒருவரை நினைத்து அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. உடனே வெட்கமாகவும் போய்விட்டது.

வெளியே வந்தபோது சித்தப்பா கையில் தாளோடு மைக்கை நோக்கி நடந்துகொண்டிருந்தார். ஓடிப்போய் மறித்தாள்.

"சித்தப்பா, என்ன பேசப்போறியள்?"

"எல்லாம் நீ எழுதினதுதான் பிள்ளை. அண்ணை வரிசையில நிண்ட இடத்தை வாசிச்சா ஒரு கண்ணும் காயாது."

"ஐயோ, அது அப்பா இல்லை! அது ஆரோ எழுதின நாவல்!"

"அண்ணையைப் பற்றி நாவலே எழுதிட்டினமே?" சித்தப்பாவின் குரல் தழுதழுத்தது. அவளை விலக்கிக்கொண்டு போய்விட்டார்.

டோர்வல் விமான நிலையத்தில் ஆயுள் முழுக்க அடுத்தவர் பெட்டிகளைத் தூக்கிய மனிதர். கடைசியில் அடுத்தவர் கதையையும் சுமந்துகொண்டு குழிக்குள் போவதா? வினோஜாவுக்குப் பொறுக்கவில்லை. முன்வரிசையில் இருந்த அம்மாவிடம் குனிந்தாள்.

"அம்மா, சித்தப்பாவை நிப்பாட்டுங்கோ. அப்பா எப்ப அழுறதுக்கு வரிசையில நிண்டவர்?"

அம்மா சவப்பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நிண்டவர்தான். மன்னாரில இவற்ற தாய், உன்ர அப்பாச்சி, செத்த நேரம், இவர் இஞ்ச வந்த புதுசில ஒரு ஃபக்டரியில வேலை. லீவு குடுக்கேல்லை. சாப்பாட்டு பிறேக் வருமட்டும் பொறுத்திருந்து, பாத்றூமுக்குப் போய் அழுதவர். அங்கையும் லைனாம். பேந்து சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னவர்."

"எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"நீ கேட்டனியே?"

சித்தப்பா வாசித்தார். மண்டபமே மூக்கைச் சிந்தியது. ஸூமில் இருந்த பாரிஸ் மாமி அந்த அதிகாரியை மறுபடி திட்டுவது ஸ்பீக்கரில் கேட்டது. வினோஜா யாரையும் திருத்தவில்லை. அம்மா மட்டும் அழாமல், கைகொடுக்க வந்த எல்லோரிடமும் சாப்பிட்டுவிட்டுப் போகும்படி சொல்லிக்கொண்டிருந்தார்.

சனம் கலைந்த பிறகு கறுப்பு சூட் போட்ட மண்டப ஊழியர் வந்து பணிவாகக் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினார். அடுத்த குடும்பம் வாசலில் நின்றது.

"இவரிட்டைக் கேள் பிள்ளை, இன்னும் கொஞ்சம் இருக்கலாமோ எண்டு," என்றார் அம்மா. "எல்லாரோடையும் கதைச்சதிலயே நேரம் போச்சு."

வினோஜா பிரெஞ்சில் கேட்டாள். அவர் வாசலைப் பார்த்தார், பிறகு தலையாட்டினார்.

"ஓமாம், அம்மா," என்றாள் வினோஜா.

அம்மா கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.