செபத்தின் பின்பாதி

குருநகரில் யாருக்குச் சீவன் இழுத்தாலும் செபஸ்தியம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். சாகிறவரின் காதருகே குந்தியிருந்து அவள் செபமாலையின் ஒவ்வொரு மந்திரத்துக்கும் முன்பாதியைச் சொல்ல, அவர் முடிந்தவரை பின்பாதியைச் சொல்லிக்கொண்டு போய்ச்சேருவார். அப்படி நாற்பது பேரை வழியனுப்பியவள், சொந்தத் தம்பி யாகப்புவின் வீட்டுப் படலையை ஆறு வருசமாக மிதிக்கவில்லை.

யாகப்பு கொலை செய்யவில்லை, களவெடுக்கவில்லை. கூத்தாடினான், கள்ளுக் குடித்தான், சைவக்காரரோடு கூடித் திரிந்தான். மாதா சபையின் நீலப்பட்டி போட்டவர்கள் உலகத்தாரோடு சேரக்கூடாது என்பது விதி. எட்டியும் பார்க்கக்கூடாது என்பதைச் சேர்த்துக்கொண்டது செபஸ்தியம்மா. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். அதற்குக் கோயில் வேறுபாடு கிடையாது.

அன்று உச்சி வெய்யிலில், யாகப்புவின் கூத்துக்கு மத்தளம் அடிக்கும் பஞ்சலிங்கம் வந்து அவள் படலைக்கு வெளியே நின்றான். நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்திருந்தது.

“அக்கா, யாகப்புவுக்குக் காய்ச்சல் தலைக்கேறிட்டுது. இனித் தப்பான். கோயில் சுவாமியாரும் மயிலிட்டிக்குப் போயிட்டார். உங்களைத்தான் கேக்கிறான்.”

செபஸ்தியம்மா படலைக்குள் நின்றபடியே கேட்டாள்.

“அங்கை ஆர் நிக்கினம்?”

“நாங்கள் கூத்துக்காரர் அஞ்சு பேர்தான்.”

வாய் பழகியதைச் சொன்னது. “எல்லாரும் வெளியாலை போய் ஒழுங்கையிலை நில்லுங்கோ. ஒருத்தரும் உள்ளை இருக்கப்படாது. பிறகு நான் வாறன்.”

“அக்கா, அவன் தனிய...”

“சொன்னது விளங்கேல்லையோ?”

அவன் ஓடினான். அவள் முகம் கழுவினாள். நீலப்பட்டியை எடுத்துப் போட்டாள். அவர்கள் விலகட்டும் என்று பிந்தியே புறப்பட்டாள். ஐந்து நிமிச நடைக்கு அரை மணி நேரம் எடுத்தாள்.

யாகப்புவின் படலைக்கு வெளியே, ஒழுங்கை மண்ணில் ஐந்து பேரும் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வெய்யிலில் நின்றார்கள். உள்ளே யாகப்பு பாயில் கிடந்தான். உடம்பில் சூடு இருந்தது, மூச்சு இல்லை. நாற்பது பேரைப் பார்த்தவளுக்கு அதை யாரும் சொல்லத் தேவையில்லை.

அழுகை வரவில்லை. தலைமாட்டில் குந்தினாள். 

“எப்ப போனது?” என்று கேட்டாள்.

“தெரியாதக்கா.” மற்றவர்களோடு பின்னால் வந்த பஞ்சலிங்கம் வாசலுக்கு வெளியே நின்றே சொன்னான். “ஒருத்தரும் உள்ளை இருக்கேல்லை. விடியத் தொடக்கம் நாங்கள் மாறிமாறி முன்பாதி சொல்ல, அவன் பின்பாதி சொல்லிக்கொண்டுதான் கிடந்தான். நீங்கள் சொன்னபடியால் பாதியிலை விட்டிட்டு எழும்பி வந்திட்டம்.”

“உங்களுக்கு எப்பிடிச் செபம் தெரியும்?”

“அவன்தான் பழக்கினவன். அக்கா வராட்டில் நீங்கள்தான் சொல்லோணும் எண்டவன்.”

 செபமாலையை எடுத்து, குனிந்து, தம்பியின் காதில் “பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே” என்று தொடங்கினாள். முன்பாதி முடிந்தது. பழக்கதோஷம், நிறுத்திக் காத்திருந்தாள். காய்ந்த உதடு அசையவில்லை. அதில் மொய்த்திருந்த இலையான் ஒன்று எழும்பிப் பறந்தது.

வாசலில் ஐந்து பேரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பின்பாதி தெரியும். ஆனால் வெளியே நிற்கச் சொன்னவள் அவள்தானே.

நீலப்பட்டியைக் கழற்றி மடியில் வைத்தாள். தலையைத் திருப்பாமலே கூப்பிட்டாள்.

“தம்பி பஞ்சலிங்கம், உள்ளை வந்து மிச்சத்தைச் சொல்லு.”