வெள்ளிக்கிழமை இறைச்சித் தட்டு

கூராபின் ஊரில் 'டாட்ஜி' என்ற சொல்லுக்குப் பஞ்சமே கிடையாது. பெட்ரோல் பங்க்கில் விற்கும் சாசேஜ் ரோல் டாட்ஜி. மழை பெய்தால் கிளம்ப மறுக்கும் வண்டி டாட்ஜி. கெவ்வின் இடது முழங்கால் பத்து வருடமாக டாட்ஜி. நம்பி இறங்க முடியாத எதற்கும் அந்தப் பெயர்தான், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் ஒரு ஆளைப் பார்த்து, அதுவும் சிரிக்காமல் சொன்னால் கதை வேறு; ஏமாற்றுகிறாய் என்று அர்த்தம்.

போன வாரம் நெவில் சிரிக்காமல்தான் சொன்னான்.

புல்தரையில் பந்துருட்டி விளையாடும் பௌலிங் கிளப்பில் வெள்ளிதோறும் சாயங்காலம் இறைச்சித் தட்டுக் குலுக்கல் உண்டு. சீட்டு விழுந்தவருக்குத் தட்டு நிறைய ஆட்டுத் துண்டு, சாசேஜ், மேலே ஒப்புக்குக் கொஞ்சம் பார்ஸ்லி இலை. பத்தொன்பது வருடமாக வாளிக்குள் கைவிட்டுச் சீட்டு எடுப்பவள் ரேலீன். அவள் புருஷன் கெவ்வுக்குத் தொடர்ந்து மூன்று வாரம் பரிசுத் தட்டு விழுந்துவிட்டது.

"கொஞ்சம் டாட்ஜியா இருக்கே, ரேலீன்" என்றான் நெவில், பீர் கோப்பையைப் பார்த்தபடி. பக்கத்து மேசையில் ஒருவரும் மறுக்கவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. வாரம் முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

"நான் இனிமே சீட்டே வாங்கல, விடு" என்றான் கெவ். "ஃப்ரீசர்லயும் இடமில்ல."

"வாங்காம இருந்தா தப்பு பண்ணினோம்னு ஆயிடும். வாங்கு."

இந்த வெள்ளி அவள் மைக்கை எடுத்தாள். "நெவில், இன்னிக்கு நீ வந்து எடுப்பா."

நெவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு முழங்கை வரை கையை விட்டான். சீட்டைப் பிரித்ததும் அவன் காது சிவந்தது. ரேலீன் எட்டிப் பார்த்தாள். பச்சைச் சீட்டு, எழுபத்திரண்டு. வாங்கியவர் வைத்துக்கொள்ளும் அதன் மறுபாதி அவன் சட்டைப் பையிலேயே துருத்திக்கொண்டிருந்தது.

அவன் விரல்கள் சீட்டை மடித்து மெல்ல வாளிப் பக்கம் போயின. ரேலீன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உள்ள போடாத. போட்டா அதுதான் டாட்ஜி."

"இவனுங்க என்ன சொல்லுவானுங்கன்னு தெரியுமில்ல?"

"தெரியாமயா? ஒரு வாரமா அதத்தானே தின்னுட்டிருக்கேன்."

அவளே எண்ணை வாசித்தாள். பின்வரிசை மேசையைத் தட்டி "டாட்ஜி, டாட்ஜி" என்று கூவியது. நெவில் தட்டை ஏந்திக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான். ரேலீனுக்கு ஒரு கணம் உள்ளுக்குள் குளிர்ந்தது, பொய் சொல்வானேன். சும்மா இருந்திருந்தாலே போதும், அவன் வாரம் முழுக்க வெந்திருப்பான். ஆனாலும் மைக்கை மறுபடி வாயருகே கொண்டுபோனாள்.

"அவன் கையப் பார்த்துட்டேதான் நின்னேன். சுத்தமா எடுத்தான். விடுங்க."

சத்தம் அடங்கியது. நெவில் தட்டை மேசையில் வைத்துவிட்டு மைக்குக்குக் கை நீட்டினான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"போன வாரம் நானும் ரேலீன் கையப் பார்த்துட்டேதான் உக்காந்திருந்தேன்" என்றான். "அவளும் சுத்தமாத்தான் எடுத்தா."